தெருவில் கேட்காத வெடியா?

தீபாவளிக்கு மறுநாள் காலை ஏழரை மணிக்கே கிளினிக் வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. பின் சீட்டில் பெட்ஷீட்டில் சுற்றியபடி பிரவுனி என்ற நாய். முதல் நாள் இரவு மொட்டை மாடியிலிருந்து குதித்திருக்கிறாள். வலது தொடை எலும்பு இரண்டாக உடைந்திருந்தது, நாக்கைக் கடித்துக்கொண்டதில் வாயெல்லாம் ரத்தம். மாடிக்கு எப்படிப் போனாள் என்று கேட்டேன்.

"நாங்கதான் டாக்டரம்மா கூட்டிட்டுப் போனோம். எல்லாரும் கூட நின்னு வெடியப் பாத்தா பயம் தெளிஞ்சிரும்னு எங்க மாமா சொன்னாங்க. தெருவுல கெடந்த நாய்தானே, கேக்காத வெடியான்னாங்க."

அந்த வாரத்தில் இது மூன்றாவது. ஒன்று இரும்பு கேட்டைக் கடித்துக் கடித்தே பல்லை உடைத்துக்கொண்டது. இன்னொன்று கழுத்துப் பெல்ட்டை உருவிக்கொண்டு ஓடி, நான்கு நாள் கழித்து ரிங் ரோட்டோரம் கிடைத்தது. உயிரோடு கிடைத்தது அதன் நல்ல நேரம். மூன்றுமே தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாய்கள். மூன்று வீட்டுக்காரர்களும் நல்லவர்கள், அதுதான் எனக்கு எரிச்சலே. கெட்டவர்களுக்காக நான் உட்கார்ந்து எழுத மாட்டேன். அவர்கள் படிக்கவும் மாட்டார்கள்.

சரி, அந்த மாமாவின் கேள்விக்கு வருகிறேன். தெருவில் கேட்காத வெடியா? கேட்டதுதான். கேட்டதால்தான் இந்தப் பயம்.

தெருவில் இருக்கும்வரை அந்த நாயிடம் ஒரே ஒரு மருந்து இருந்தது, அதன் நான்கு கால். சத்தம் வந்தால் ஓடும். பாலத்தடி, சாக்கடைக் குழாய், நிற்கும் லாரிக்கு அடி, எங்கேயாவது சுருண்டுகொள்ளும், அடங்கிய பிறகு திரும்பி வரும். அது ஓடியதையும் ஒளிந்ததையும் நாம் பார்ப்பதில்லை. மறுநாள் டீக்கடை வாசலில் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு, தெரு நாய் எதற்கும் அசராது என்று முடிவு கட்டுகிறோம். அடுத்த தீபாவளி இரவு எட்டு மணிக்கு உங்கள் தெருவில் எத்தனை நாய் கண்ணில் படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஓடிப்போய் வண்டியில் அடிபட்டவை இந்தக் கணக்கில் வரவே வராது. மிஞ்சியதைப் பார்த்துத்தான் தைரியசாலி என்கிறோம்.

இப்போது அந்த நாயை நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவருகிறீர்கள். சோறு போடுகிறீர்கள், தடுப்பூசி போடுகிறீர்கள், கருத்தடையும் செய்துவிடுகிறீர்கள். எல்லாம் புண்ணியம். கூடவே கேட்டையும் பூட்டுகிறீர்கள். அதற்குத் தெரிந்த ஒரே மருந்தைப் பிடுங்கியாகிவிட்டது. சத்தம் அதே சத்தம், ஓட வழி இல்லை. தெருவில் 'பயப்படாத' நாய் வீட்டுக்கு வந்த பிறகு நடுங்குகிறதே, செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோமோ என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. மூன்று வாரக் குட்டியிலிருந்து ஏறத்தாழ பதினான்கு வாரம் வரைதான் ஒரு நாய் உலகத்தில் எது சாதாரணம், எது ஆபத்து என்று பிரித்துக்கொள்ளும் முக்கியமான காலம். நீங்கள் எடுத்து வளர்க்கும் நாய்க்கு அந்த வாரங்களில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. சில நாய்களின் வாலில் தழும்பைப் பார்க்கிறேன். சரவெடியைக் கட்டி விரட்டிய கை ஏதோ ஒரு பிள்ளையின் கை, அந்தப் பிள்ளைக்கு இப்போது கல்யாணமே ஆகியிருக்கலாம். நாய்க்கு மட்டும் அது இன்னும் நேற்று நடந்ததுதான்.

"எங்க ஊர்ல கோயில் மணி அடிச்சா நாய் திரும்பிக்கூடப் பாக்காது, அது மட்டும் எப்படிப் பழகுச்சு?" என்று ஒரு பெரியவர் என்னிடம் வாதாடினார். நியாயமான கேள்வி. மணி தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்திலிருந்து அடிக்கிறது. நாய்க்கு வேண்டுமென்றால் எழுந்து தள்ளிப்போகலாம். அதனால் எந்தக் கெடுதலும் வந்ததில்லை. அப்படிப்பட்ட சத்தம் பழகும். வெடி அப்படியா? எப்போது வரும், எந்தத் திசையில் வரும் என்று தெரியாது. கூடவே வெளிச்சம், புகை, கந்தக வாசம். நாலு மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் சத்தம் வரக்கூடாது என்றுதான் சட்டமே சொல்கிறது. அந்த அளவே காதைக் கிழிக்கும். எவ்வளவு கீச்சான சத்தம் வரை கேட்கும் என்று பார்த்தால், நம் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், நாயின் காது 45,000 வரை போகும். அதாவது நீங்கள் கேட்கும் வெடியும் அது கேட்கும் வெடியும் ஒன்றே அல்ல.

இப்படிப்பட்ட சத்தம் பழகாது, பயம் முற்றத்தான் செய்யும். நான் பார்த்தவரை ஏறக்குறைய ஒரே வரிசைதான். முதல் வருடம் அணுகுண்டுக்கு மட்டும் நடுங்கும். அடுத்த வருடம் லட்சுமி வெடிக்கு. அப்புறம் பிள்ளைகளின் பொட்டு வெடிக்கு. அப்புறம் குக்கர் விசிலுக்கு. கடைசியில் வானம் கறுத்தாலே கட்டிலுக்கடியில் போய்விடும், ஏனென்றால் கறுத்தால் இடி வரும் என்று கற்றுக்கொண்டுவிட்டது. நம் ஊரில் தீபாவளியும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்தே வருவது இந்த நாய்களின் தலைவிதி. ஆகவே மாடிக்குத் தூக்கிக்கொண்டுபோய்ப் பயத்தைத் தெளிவிக்கும் வைத்தியத்தைத் தயவுசெய்து இதோடு விட்டுவிடுங்கள். நீச்சல் தெரியாதவரைக் கிணற்றில் தள்ளினால் சிலர் பிழைத்து வருவார்கள்தான். அவர்களை வைத்து யாரும் நீச்சல் வகுப்பு நடத்துவதில்லை.

இந்த வைத்தியத்துக்குத் தங்கச்சி ஒன்று உண்டு. "பயப்படும்போது தடவிக் கொடுத்தா பயம் கூடிரும், கண்டுக்காம விடணுமாமே?" யூடியூபில் யாரோ சொன்னார்களாம். பயம் நாய் செய்யும் சேட்டை இல்லை, அதற்கு நேர்வது. காய்ச்சல்காரருக்குக் கஞ்சி கொடுத்தால் காய்ச்சல் கூடுமா? உங்கள் மடிக்கு வந்தால் மடி கொடுங்கள். ஒளிந்துகொள்ளப் போனால் ஒளிய விடுங்கள், இழுத்து வந்து கொஞ்சாதீர்கள். தீர்மானிக்க வேண்டியது அது.

நடுங்கினால்தான் பயம் என்றும் நினைக்காதீர்கள். வெயில் இல்லாமல் இரைப்பது, ஓயாமல் கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, அறைக்குள் சுற்றிச் சுற்றி நடப்பது, எப்போதும் பாய்ந்து வரும் சிக்கன் துண்டைக்கூட முகராமல் இருப்பது, எல்லாமே பயம்தான். சாப்பாட்டைத் தொடவில்லை என்றால் பயம் தலைக்கு மேல் போய்விட்டது என்று அர்த்தம்.

மதுரையில் இருந்துகொண்டு தீபாவளியை மட்டும் சொல்வதும் சரியில்லை. காதுகுத்து, தாய்மாமன் சீர், கோயில் திருவிழா, கட்சிக்காரர் வருகை, கிரிக்கெட்டில் ஜெயித்தால் ஒரு வெடி, இறப்பு வீட்டு ஊர்வலத்துக்கு வழி நெடுக வெடி. வருடத்தில் எந்த நாள் என்று சொல்ல முடியாது. ஆகவே தயாரிப்பும் வருடம் முழுக்க இருக்க வேண்டும்.

முதலில் ஓர் இடம். நாயே தேர்ந்தெடுத்திருக்கும், பாருங்கள். பெரும்பாலும் பாத்ரூம் அல்லது கட்டிலுக்கடி. பாத்ரூம் என்றால் அசிங்கமாக நினைத்து வெளியே இழுக்காதீர்கள். பெரிய ஜன்னல் இல்லை, சுவர் கனம், அது சரியாகத்தான் யோசித்திருக்கிறது. தரையைத் துடைத்து, பினாயில் பாட்டிலை எடுத்துவிட்டு, நீங்கள் உடுத்திய பழைய புடவையோ லுங்கியோ ஒன்றை விரித்து வையுங்கள். ஜன்னலுக்குக் கனத்த போர்வை, மின்விசிறி முழு வேகத்தில், ஹாலில் டிவி. கதவைத் திறந்தே வையுங்கள். அடைத்துப் பூட்டினால் நகம் பெயர்வது வரை பிராண்டும்.

கட்டிப் போடாதீர்கள். இதற்கு விளக்கம் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

காலை நடை வெடி தொடங்கும் முன்பு, மாலை நடை ஐந்து மணிக்குள். தீபாவளி அன்று நாலு மணிக்கே எண்ணெய்க் குளியலோடு வெடியும் தொடங்கிவிடும், அதற்கேற்ப எழுந்துகொள்ளுங்கள். வெளியே போகும்போது கழுத்துப் பெல்ட் மட்டும் போதாது, பாடி பெல்ட்டும் வேண்டும், இரண்டிலும் கயிறு. பயந்த நாய் பின்னுக்கு இழுத்தால் கழுத்துப் பெல்ட் தலை வழியாக உருவி வந்துவிடும். பெல்ட்டில் உங்கள் போன் நம்பர். தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப்பும் போட்டிருந்தால் மெத்தச் சரி.

சத்தத்துக்கும் தின்பண்டத்துக்கும் முடிச்சுப் போடுங்கள். ஒவ்வொரு வெடிக்கும் அடுத்த நொடி ஒரு துண்டு சிக்கன், உப்பு காரம் இல்லாமல் வேகவைத்தது. வெடி, சிக்கன். வெடி, சிக்கன். சாப்பிடும் அளவுக்கு நாய் தெளிவாக இருந்தால்தான் இது வேலை செய்யும். பதிவு செய்த வெடிச் சத்தத்தை மிக மெல்லிசாக ஒலிக்கவிட்டுப் பழக்கும் பயிற்சியும் இருக்கிறது. காதை அசைப்பதற்கு மேல் நாய் எதுவும் காட்டாத அளவில் தொடங்கி, வாரக்கணக்கில், சில நாய்களுக்கு மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். பொங்கல் முடிந்ததும் ஆரம்பியுங்கள். ஐப்பசி பிறந்த பிறகு என்னிடம் வந்து பயிற்சி கேட்பவர்களுக்கு நான் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

மருந்து விஷயத்தில் மட்டும் கொஞ்சம் அதட்டுகிறேன். சளி மாத்திரை கொடுத்தால் தூங்கிவிடும் என்று வீட்டில் இருப்பதைப் பாதியாக உடைத்துக் கொடுக்காதீர்கள். அதில் பாராசிட்டமால் இருக்கலாம், மூக்கடைப்புக்கான மருந்து இருக்கலாம், இரண்டுமே நாய்க்கு ஆபத்து. பாட்டி சாப்பிடும் தூக்க மாத்திரையும் கூடாது. அப்புறம் எங்கள் தொழில்காரர்களுக்கே ஒரு வார்த்தை: அசிப்ரோமசின் என்ற மயக்க மருந்தை மட்டும் கொடுத்து அனுப்பும் பழக்கத்தை விடுவோம். அது உடலை முடக்கும், பயத்தைக் குறைக்காது. நாய் அமைதியாக இருப்பதாக வீட்டுக்காரர் சந்தோஷப்படுவார், உள்ளே அது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அசைய முடியாமல் கிடக்கும். பயத்தையே குறைக்கிற மருந்துகள் இப்போது உண்டு. நாயைப் பரிசோதித்து, எடை பார்த்து, ஈரல் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். சத்தம் தொடங்குவதற்கு முன்பே உள்ளே போயிருக்க வேண்டும். அதற்கும் முன்னால் ஒரு சாதாரண நாளில் கொடுத்து, ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். ஆகவே இரவு எட்டு மணிக்கு போனில், "ஏதாவது மாத்திரை பேர் மட்டும் சொல்லுங்க" என்று கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன்.

இன்னொரு தொழில் ரகசியம். ஐந்தாறு வருடம் வெடிக்கு அசராமல் இருந்த நாய் திடீரென்று பயப்பட ஆரம்பித்தால், நான் முதலில் தொட்டுப் பார்ப்பது இடுப்பையும் முதுகையும்தான். மூட்டு வலி உள்ள நாய் சத்தத்துக்குத் திடுக்கிடும்போது வலி சுரீரென்று பிடிக்கும். சத்தம்தான் வலிக்கிறது என்று அது முடிச்சுப் போட்டுக்கொள்ளும். வலிக்கு வைத்தியம் செய்தால் பாதிப் பயம் போன நாய்களைப் பார்த்திருக்கிறேன்.

ஓடிப்போய்விட்டால் துரத்தாதீர்கள், பேர் சொல்லிக் கத்தாதீர்கள். பக்கத்திலேயே எங்காவது பதுங்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு. இரவு அடங்கிய பிறகு, அதற்குப் பழக்கமான ஒரே ஆள் போய், கீழே உட்கார்ந்து மெதுவாகப் பேசிப் பாருங்கள். பிடிக்கும்போது கடித்துவிட்டால், நம் நாய்தானே என்று மஞ்சள் வைத்துவிட்டு இருக்க வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

காலை ஆறிலிருந்து ஏழு, இரவு ஏழிலிருந்து எட்டு. தமிழ்நாட்டில் தீபாவளிக்கு வெடிக்க 2018 முதல் இருக்கும் நேரம் இவ்வளவுதான். காகிதத்தில். நடைமுறையை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் வருடக்கணக்காகப் பறவைகளுக்காக வெடியே வைப்பதில்லை. அவர்களுக்கு எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை. நான் உங்களிடம் அவ்வளவு கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் விசேஷம் என்றால் ஊர்வலம் எத்தனை மணிக்கு நம் தெருவைத் தாண்டும் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கேட்டால் சொல்வார்கள். நம் வாசலைத் தாண்டிப் போய் வைக்கச் சொன்னால்கூட நிறையப் பேர் கேட்பார்கள், நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

பிரவுனிக்குத் தகடு வைத்து எலும்பைச் சேர்த்திருக்கிறோம். ஆறு வாரம் குதிக்கக் கூடாது, ஓடக் கூடாது. போன செவ்வாய்க்கிழமை தையல் பிரிக்க வந்தபோது அந்த மாமாவே கூட வந்திருந்தார். அதிகம் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை தெருமுனையில் ஒரு காதுகுத்து, பத்தரைக்கு சீர் வருகிறது, மாத்திரையை எத்தனை மணிக்குக் கொடுக்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். எட்டரைக்கு என்று சொன்னேன். சீட்டின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொண்டார்.