குழாய் ஸ்பீக்கரும் ஹோம் தியேட்டர் வாட்டும்

மேலூர்ப் பக்கம் எந்தக் கிராமத்தில் காதுகுத்து நடந்தாலும் கம்பத்து உச்சியில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். பாட்டு வயல்களைத் தாண்டிக் கண்மாய்க் கரை வரை கேட்கும். அந்தக் குழாய்க்குள் போவது பெரும்பாலும் 30, 40 வாட்தான்.

போன மாதம் தங்கச்சி மாப்பிள்ளையோடு ஹோம் தியேட்டர் ரிசீவர், அதாவது ஒலியைப் பெருக்கி எல்லா ஸ்பீக்கருக்கும் அனுப்புகிற பெட்டி, வாங்கப் போனபோது இந்தக் குழாய்தான் நினைவுக்கு வந்தது. ரிசீவருக்கு அவர் ஒதுக்கியிருந்தது 30,000 ரூபாய். கடையில் ஒரு பெட்டியைக் காட்டி, "மச்சான், இதுல ஆயிரம் வாட்னு போட்டிருக்கு, இதையே எடுத்துரலாமா?" என்றார்.

ஒரு ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபெல் சத்தம் வருகிறது என்று ஓர் அளவு உண்டு. வீட்டு ஸ்பீக்கருக்கு அது 85 முதல் 90 வரை. குழாய்க்கு 105க்கு மேல். வீட்டு ஸ்பீக்கரின் கூம்பு திறந்த காற்றைத் தள்ளுகிறது. காற்று லேசானது, பிடி கொடுக்காமல் நழுவிவிடும். குழாயின் குறுகிய கழுத்தில் அதே காற்று அடைபட்டு நிற்பதால் உள்ளே இருக்கும் தகடுக்கு நல்ல பிடி கிடைக்கிறது. கழுத்து மெல்ல மெல்ல விரிய, தள்ளிய வேகம் வீணாகாமல் வெளியே போகிறது. இரண்டுக்கும் 20 டெசிபெல் வித்தியாசம் என்றால் வாட் கணக்கில் 100 மடங்கு!

டெசிபெல் கணக்கு அப்படித்தான் ஓடும். வாட்டை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபெல்தான் ஏறும். காதுக்குச் சத்தம் இரண்டு மடங்காகத் தெரிய ஏறக்குறைய 10 மடங்கு வாட் வேண்டும். 70 வாட் ரிசீவருக்கும் 100 வாட் ரிசீவருக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றரை டெசிபெல். கூர்ந்து கேட்டால்தான் தெரியும்.

மாப்பிள்ளை வீட்டு ஹால் 12க்கு 14 அடி. சோபா, ஸ்பீக்கரிலிருந்து 10 அடி. 88 டெசிபெல் ஸ்பீக்கர் ஒரு வாட்டில் சோபாவுக்குச் சுமார் 80 டெசிபெல் கொண்டுவந்துவிடும். வசனம் தெளிவாகக் கேட்க 70 போதும். அதற்குச் செலவாவது ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு. குண்டு வெடிக்கிற நொடியில் 95 வேண்டும் என்றாலும் 30 வாட் சொச்சம்தான். அடிக்கிற பேஸுக்கென்றே இருக்கும் சப்வூஃபர் என்ற பெரிய ஸ்பீக்கரிலேயே, ஒலியைப் பெருக்கும் தனி ஆம்ப் இருக்கிறது. நம் மதுரைத் தங்கம் தியேட்டர் மாதிரி 2,500 பேருக்கு மேல் உட்கார்ந்த கூடத்தையா நிரப்பப் போகிறோம்?

அப்புறம் அந்த ஆயிரம் வாட். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ரிசீவரிலிருந்து போகும் தனி வழிதான் சேனல். எல்லா சேனலையும் கூட்டிப் போட்ட எண் அது. சேனலுக்கு எத்தனை என்று கேட்டு, விவரத் தாளை வாங்கிப் படித்தோம். ஒரே ஒரு சேனலை மட்டும் ஓட்டி, 1 கிலோ ஹெர்ட்ஸ் சுருதி ஒன்றை மட்டும் கொடுத்து, ஒலி 10 சதவீதம் சிதையும் வரை முடுக்கி அளந்திருந்தார்கள். இரண்டு சேனலை ஓட்டி, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, சிதைவு 0.1 சதவீதத்துக்குள் இருக்கும்படி அளந்தால், எண் பாதியாகக்கூட இறங்கலாம். நான் நம்புவது இரண்டாவது எண்ணைத்தான். ஐந்து சேனலும் ஒன்றாக ஓடும்போது இன்னும் குறையும். உள்ளே இருப்பது ஒரே பவர் சப்ளை. மாடித் தொட்டி ஒன்றிலிருந்து ஐந்து குழாயையும் ஒரே நேரத்தில் திறந்த கதைதான். அதனால் சின்ன ஹாலுக்கு 7.2, 9.2 என்று எண்ணிக்கைக்குக் காசு கொடுக்க வேண்டாம், ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் மாட்டுகிற ஒழுங்கான 5.1 எடுத்தால் போதும் என்றேன்.

ஸ்பீக்கர் கரண்டைத் தடுக்கிற அளவுதான் ஓம். அது 6 அல்லது 8 இருக்கட்டும். 4 ஓம் ஸ்பீக்கர் 8 ஓமைவிட இரண்டு மடங்கு கரண்ட் இழுக்கும். விலை குறைந்த ரிசீவர் சூடாகித் தானே அணைந்துவிடும். சூடு நம் ஊருக்குப் பெரிய விஷயம். இப்படிப்பட்ட ரிசீவரின் ஆம்ப் எடுக்கிற மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் போகிறது. சித்திரை வெயிலில் கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் அதை வைக்கவே கூடாது. மேலே ஒரு சாணாவது இடம் விடுங்கள். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்ததாக இருந்தால் பின்பக்கத்தில் 120 வோல்ட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் போச்சு. டிவியில் ஏ.ஆர்.சி. என்று எழுதிய எச்.டி.எம்.ஐ. துளை இருந்தால், டிவியின் ஒலி அந்த ஒரே வயரில் ரிசீவருக்கு வந்துவிடும்.

கடைசியில் சேனலுக்கு 70 வாட் என்று நேர்மையாக எழுதியிருந்த ஒன்றை எடுத்தோம். மிச்சக் காசு முன் ஸ்பீக்கர்களுக்குப் போனது.

வீட்டில் மாட்டியதும் வசனம் குழம்பியது. ஹால் நடுவில் நின்று ஒரு கை தட்டினேன். டைல்ஸ் தரையிலும் வெறும் சுவரிலும் பட்டு 'டிங்' என்று இழுத்தது. தங்கச்சி பரணிலிருந்து கல்யாணத்துக்கு வாங்கிய ஜமுக்காளத்தை எடுத்து விரித்தாள், ஜன்னலுக்குத் தடித்த திரையும் போட்டாள். மறுபடி தட்டினேன். இழுவை பாதிக்கு மேல் அடங்கியிருந்தது. மாப்பிள்ளை ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை இரண்டு புள்ளி குறைத்தார்.