கடலில் கிடைத்த இரும்பைத் தேய்க்காதீர்கள்

மறுபடியும் ஒரு பீரங்கிக் குண்டு. குளச்சலுக்கும் பூவாருக்கும் நடுவே ஓர் ஊர், படகுக்காரர்கள் கூடி ஆரம்பித்த சின்னக் கடல் காட்சிக்கூடம். வலையில் ஏறி வந்த குண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எஞ்சின் ஆயில் தடவி, சிவப்புத் துணிமேல் வைத்த பிறகுதான், பழம்பொருள்களைக் கெடாமல் காக்கும் வேலை செய்யும் என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் மேற்புறம் தகடு தகடாக உரிகிறது. துணியெல்லாம் துருநீர்.

"சாரே, முந்நூறு வருசம் கடல்ல கிடந்து ஒண்ணும் ஆவல. கரையில என்ன ஆவப் போவுது?"

இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஒன்றும் ஆகவில்லை என்று யார் சொன்னது? வார்ப்பிரும்பின் மேலடுக்கில் இரும்பு எப்போதோ கரைந்து போயிருக்கும். உருவத்தைத் தாங்கி நிற்பது மிச்சமுள்ள கிராஃபைட் என்ற கரி. கையில் தூக்கினாலே தெரியும், அந்த அளவுக்குரிய கனம் இருக்காது. பேனாக்கத்தி நுனி சுலபமாக இறங்கும். அதற்குள் உப்பு ஊறிக் கிடக்கிறது. மண்ணும் சிப்பியும் மூடிக் கிடந்தவரை காற்றுப் படவில்லை, மெதுவாக அரித்தது. வெளியே காயவைத்ததும் உள்ளே புதுத் துரு பருத்து மேலடுக்கைத் தள்ளுகிறது. எண்ணெய் தடவினால் உப்பு எங்கே போகும்? நீங்கள் தேய்த்தெடுத்தது துருவை இல்லை, குண்டின் அசல் முகத்தை.

மரமும் அப்படித்தான். 1628இல் மூழ்கிய சுவீடனின் வாசா கப்பலை 1961இல் மேலே கொண்டுவந்தார்கள். சுருங்கி வெடிக்காமலிருக்க 17 ஆண்டுகள் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற பொருளின் கரைசலைத் தெளித்தார்கள். நாமோ பழைய கப்பல் பலகையைக் கருவாடு மாதிரி வெயிலில் போடுகிறோம்.

முதலில் குண்டில் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கை வைக்க வேண்டாம், உள்ளே வெடிமருந்து இருக்கலாம். போலீசுக்குச் சொல்லுங்கள். துளை இல்லையென்றால் ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, பிளாஸ்டிக் டிரம்மில் நல்ல தண்ணீரும் கொஞ்சம் சலவைச் சோடாவும் கலந்து முழுக்க மூழ்க வையுங்கள். ஒட்டியிருக்கும் சிப்பிக்கட்டியைச் சுத்தியலால் தட்டாதீர்கள். உப்பை எடுக்க மாதக்கணக்காகும், பீரங்கி என்றால் வருடக்கணக்கு. அந்த வேலையை எங்களிடம் விடுங்கள்.

அப்புறம் குண்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்த அந்த அட்டை: 'குளச்சல் போர், 1741'. அந்தப் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மா டச்சுக்காரர்களை வென்றது உண்மை. பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய் திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியாகி, இன்று உதயகிரிக் கோட்டையில் அடங்கியிருப்பதும் உண்மை. அதற்காக இந்தக் கரையில் கிடைக்கிற இரும்பெல்லாம் டச்சுக்காரனுடையதா? அதற்கு முன்னும் பின்னும் எத்தனை நாட்டுக் கப்பல்கள் இவ்வழியே போயின! எந்தப் படகு, எத்தனை பாகம் (ஒரு பாகம் ஆறடிபோல) ஆழம், ஜிபிஎஸ் எண் என்ன என்று ஒரு வரிகூட யாரும் குறிக்கவில்லை. படகுக்காரர் நாளைக்கே மறுபடி கடலுக்குப் போய்விடுவார். இன்றைக்கே கேட்டு எழுதிவையுங்கள், புண்ணியமாகப் போகும்.