டகோட்சுபோ: நெஞ்சு என்ற சொல்லுக்காகவே காத்திருந்த நோய்

ஜப்பானிய மொழியில் 'டகோ' என்றால் பேய்க்கணவாய், அதாவது எட்டுக் கைகள் கொண்ட ஆக்டோபஸ். 'ட்சுபோ' என்றால் சாடி. வயிறு பருத்துக் கழுத்துக் குறுகிய சாடிகளைக் கயிற்றில் கட்டி, அந்நாட்டு மீனவர்கள் கடலடியில் இறக்கிவைப்பார்கள். ஒளிந்துகொள்ள நல்ல பொந்து என்று நம்பி நுழையும் கணவாய், சாடியோடு மேலே வந்துவிடும்.

இந்தச் சாடி 1990-இல் ஓர் இதய நோயின் பெயரானது. மாரடைப்பு என்று கருதப்பட்ட சிலரின் இதயத் தமனிகளில் அதற்குக் காரணமான அடைப்பு இல்லை. ஆனால், சுருங்க வேண்டிய நேரத்தில் இடது கீழறையின் நுனி அசையாமல் உப்பி நிற்க, மேற்பகுதி மட்டும் இறுகிச் சுருங்கியது. படத்தில் அச்சு அசலாக அந்தச் சாடி! ஹிகாரு சாட்டோ என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் அதையே பெயராகச் சூட்டினார்கள்.

நெருங்கியவரின் மரணம், திடீர் அச்சம், அரிதாகப் பெருமகிழ்ச்சியும்கூட இதைத் தூண்டுகின்றன. அப்போது வெள்ளமாகச் சுரக்கும் அட்ரினலின் இதயத்தசையைச் செயலிழக்க வைப்பதாகக் கருதப்படுகிறது. பாதிக்கப்படுவோரில் மிகப் பெரும்பாலோர் மாதவிடாய் நின்ற பெண்கள்.

தமிழில் 'உடைந்த இதய நோய்' என்று எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. தமிழில் உடைவது மனம். இந்த நோயிலோ எதுவும் உடைவதில்லை. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் இதயம் பழைய வடிவுக்குத் திரும்பிவிடுகிறது. 'மன அழுத்த இதயத்தசை நோய்' என்பது பொருளில் சரிதான். ஆனால் மன அழுத்தம் என்றதும் நாள்பட்ட சுமையே நினைவுக்கு வருகிறது. அந்தச் சுமை இரத்த அழுத்தத்தை உயர்த்தி, தூக்கத்தைக் கெடுத்து, இதயத்தை மெல்ல மெல்லத் தாக்கும். இதுவோ சில மணி நேரத்தில் நிகழ்வது.

நம்மிடம் 'நெஞ்சு' இருக்கிறது. நெஞ்சு வலிக்கிறது என்றால் உடம்பு. நெஞ்சறியச் சொல்கிறேன் என்றால் மனம். இரண்டையும் ஒரே சொல்லில் தாங்கும் அதை விட்டுவிட்டு வேறெங்கே தேடுவது? 'நெஞ்சதிர்ச்சி நோய்' என்று சொல்லிப் பார்க்கிறேன். துயரம், மகிழ்ச்சி இரண்டுக்கும் இடம் தருகிறது; திடீரென்று வருவதையும் உணர்த்துகிறது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என இதன் அறிகுறிகள் மாரடைப்பைப் போன்றவையே. வீட்டில் இருந்தபடி யாராலும் பிரித்தறிய முடியாது. துக்கத்தில் இருப்பவர் நெஞ்சு வலிக்கிறது என்றால், அழுததால் வந்த வலி என்று படுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.