பழைய கோயிலைத் திருத்த அரச பணம்: சுவரில் கை வைக்கும் முன்

இலங்கையின் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ள ஒரு கோயிலின் வண்ணக்கர் (கோயில் நிருவாகி) தம் கையில் வைத்திருந்த கடிதம், முன்மண்டபத் திருத்தத்துக்கு அரச உதவி அனுமதிக்கப்பட்டுள்ளதாகத் தெளிவாகவே சொன்னது. அதை நம்பி, சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவரில் பாதியை இடித்த பிறகு, தொல்லியல் உத்தியோகத்தர்கள் வந்து வேறு ஒரு கடிதத்தைக் கேட்டார்கள். பணம் தருவது ஒரு திணைக்களம், இடிக்க அனுமதி தருவது இன்னொரு திணைக்களம் என்பதை, அவர் ஏறி இறங்கிய ஐந்தாறு மேசைகளில் எவரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. வேலை நின்றது. மீதிப் பணம் டிசம்பர் 31ஆம் திகதியோடு திரும்பிப் போனது. மண்டபம் இன்னமும் தார்ப்பாயின் கீழ் கிடக்கிறது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, தனியார் காணியில் உள்ள பழைய கட்டடத்தையும் அரச அறிவித்தல் இதழான வர்த்தமானி மூலம் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக அறிவிக்க முடியும். அவ்வாறு அறிவித்த பின், தொல்லியல் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப் பத்திரம் இல்லாமல் அதைத் திருத்துவதும் மாற்றுவதும் கூட்டிக் கட்டுவதும் குற்றமாகும். 1998ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியிருக்கிறது. ஆனால், வர்த்தமானியில் பெயர் வந்துவிட்டதால் மட்டும் உங்கள் வங்கிக் கணக்கில் ஒரு சதமும் விழாது; கட்டுப்பாடு தானாக வரும், பணத்தை மட்டும் நீங்கள் தேடிப் போக வேண்டும்.

கோயில்களுக்கான அந்தப் பணம் பெரும்பாலும் இந்து சமய கலாசார அலுவல்கள் திணைக்களத்தின் ஊடாகவோ, மாவட்ட வேலைகளுக்கென ஒதுக்கும் பன்முகப்படுத்தப்பட்ட நிதியிலிருந்தோ வருகிறது. முதல் பொறி பதிவு. நானூறு வருடக் கோயிலாக இருக்கலாம், கல்வெட்டும் இருக்கலாம். திணைக்களத்தில் பதிவு இல்லையென்றால் விண்ணப்பம் மேசையைத் தாண்டாது. இரண்டாவது பொறி காணி. எங்கள் பக்கத்தில் பல கோயில் காணிகளின் உறுதி (உரிமைப் பத்திரம்), எப்போதோ இறந்துபோன ஒரு வண்ணக்கரின் பெயரில் இருக்கிறது, அல்லது போரிலும் 2004 சுனாமியிலும் தொலைந்துவிட்டது. தொலைந்த உறுதி பதியப்பட்டிருந்தால் காணிப் பதிவகத்தில் உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம் என்பதைச் சொல்லாமல், “உறுதியைக் கொண்டு வாருங்கள்” என்று திருப்பி அனுப்புவது மட்டும் தவறாமல் நடக்கிறது. வங்கிக் கணக்கு கோயிலின் பெயரில் இருக்க வேண்டும். தலைவரின் சொந்தக் கணக்கைக் கொடுத்துவிட்டுப் பின்னர் ஊருக்குள் சண்டைப்பட்டவர்களையும் கண்டிருக்கிறேன்.

மூன்றாவது பொறி வேலைக்கான செலவு மதிப்பீடு, இதுவே மிக ஆபத்தானது. தொழில்நுட்ப உத்தியோகத்தர் பழக்கத்தில் சீமெந்து, கொங்கிறீட், தரை ஓடு என்றே எழுதுவார். அந்த மதிப்பீட்டோடு தொல்லியல் திணைக்களத்துக்குப் போனால் நிராகரிக்கப்படும். சுண்ணாம்பு வேலை என்று மாற்றிக் கொண்டுவந்தால், பணம் தரும் அலுவலகம் “அங்கீகரித்த மதிப்பீட்டை மாற்ற முடியாது” என்று சொல்லும். ஆகவே மதிப்பீடு எழுதப்படுவதற்கு முன்பே தொல்லியல் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகத்துக்கு எழுத்தில் அறிவித்து, எதை எதனால் திருத்தலாம் என்று எழுத்திலேயே பதில் வாங்குங்கள். வாய்ச்சொல்லை எந்தக் கோப்பிலும் கோர்க்க முடியாது.

சுண்ணாம்பு வேலை செலவு கூடியது என்று அலுவலகங்கள் முகம் சுளிக்கின்றன. அந்தச் செலவில் பெரும் பங்கு கூலிதான். சீமெந்துக்கும் ஓட்டுக்கும் கொடுக்கும் பணம் லொறியேறி வெளியூருக்குப் போகிறது. சாந்து அரைப்பவருக்கும் மேசனுக்கும் தச்சருக்கும் கொடுப்பது பெரும்பாலும் அந்த ஊர்க் கடையிலேயே செலவாகிறது. பழையதைக் காப்பதன் பயன் கூலியோடு முடிவதுமில்லை. மட்டக்களப்பில் 1924இல் கட்டிய கல்லடிப் பாலத்தை, புதிய பாலம் திறந்த பின்னும் இடிக்காமல் விட்டதால் என்ன கிடைத்தது என்று கேட்பவர், ஒரு மாலையில் அங்கே போய்ப் பார்க்கட்டும்.

கொடுக்கும் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு பிரதி எடுத்து, அதில் திகதியோடு “பெறப்பட்டது” முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சிங்களத்தில் மட்டும் பதில் வந்தால் கையெழுத்திடாதீர்கள். தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு அரசியலமைப்பே உரிமை தந்திருக்கிறது. கோப்பு எங்கே என்று எவரும் சொல்லாவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டும். கேள்வியை “ஏன் தாமதம்” என்று எழுதாமல், “இந்தத் திகதியில் கொடுத்த விண்ணப்பம் இப்போது யாரிடம் உள்ளது, அதன் கோப்பு இலக்கம் என்ன” என்று எழுதினால் நழுவ இடமிருக்காது.

இன்னொன்று. நிதி விடுவிப்பு ஐப்பசி வரை இழுபடும், கார்த்திகையில் மழை பிடிக்கும், மழையில் சுண்ணாம்பு காயாது, டிசம்பர் முடிவில் கணக்கு மூடப்படும். பல இடங்களில் வேலை முடித்து உறுதிப்படுத்திய பின்பே காசோலை வருவதால், கைப்பணமும் இதற்குள் சிக்கிக்கொள்ளும். சித்திரைக்குள் கோப்பு கச்சேரிப் (மாவட்டச் செயலகப்) படி ஏறவில்லையென்றால், சுவரைத் தொடாமல் கூரைக்கு ஒரு தார்ப்பாய் போட்டுவிட்டு, அடுத்த வருடத்துக்கு விண்ணப்பிப்பதே மேல்.