ஆர்டினேஷன்: குருப்பட்டமா, திருநிலைப்பாடா, வெறும் பதிவா?

அமெரிக்காவில் நண்பரின் திருமணத்தை நடத்தி வைப்பதற்காகவே, இணையத்தளம் ஒன்றில் பெயரையும் முகவரியையும் நிரப்பிச் சில நிமிடங்களில் ‘ஆர்டெயின்டு மினிஸ்டர்’, அதாவது பட்டம் பெற்ற சமய ஊழியர், ஆகிவிடுகிறவர்கள் பலர் உண்டு. இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்வி சிறியதாகத் தோன்றினாலும், இணையத்தில் பெற்ற இத்தகுதி சட்டப்படி செல்லுமா, சமயத்தின் பார்வையில் முறையானதா என்ற இரண்டு சிக்கல்களும் அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. மினிஸ்டர் என்பதை அமைச்சர் என்று பெயர்த்துவிடும் கணினி மொழிபெயர்ப்புகளை இங்கே விட்டுவிடலாம்.

ஆர்டினேஷன் என்பதன் வேர் வரிசை, ஒழுங்கு, படிநிலை ஆகிய பொருள்களைத் தரும் ‘ஓர்டோ’ என்னும் இலத்தீன் சொல். உரோமர்கள் தம் சமூகத்தின் உயர் வகுப்புகளை அச்சொல்லால் குறித்தனர். திருச்சபை அதை எடுத்துக்கொண்டபோது, ஒருவரைப் பணியாளர்களின் நிரையில் சேர்த்து நியமிக்கும் சடங்குக்கு அது பெயராயிற்று. மினிஸ்டர் என்பதற்கோ இலத்தீனில் பணியாள் என்பதே பொருள். அரசனின் பணியாள் அமைச்சரானார். சபையின் பணியாள் போதகரானார். தமிழ்ச் சீர்திருத்தச் (புராட்டஸ்டண்ட்) சபையார் வழங்கும் ‘ஊழியர்’, ‘ஊழியக்காரர்’ என்னும் சொற்கள் இந்த மூலப் பொருளை அப்படியே காத்து நிற்கின்றன.

ஆர்டினேஷனுக்குத் தமிழில் நெடுங்காலமாக வழங்கும் சொல் குருப்பட்டம். கத்தோலிக்கர் இன்று ‘திருநிலைப்பாடு’, ‘திருநிலைப்படுத்துதல்’ என்றும் எழுதுகின்றனர். ‘அபிஷேகம்’ என்பதும் உண்டு. ஆனால் பெந்தெகொஸ்தே சபைகளில் அபிஷேகம் என்றால் பரிசுத்த ஆவியின் நிறைவே முதலில் நினைவுக்கு வரும் என்பதால், பொதுவான எழுத்தில் அது குழப்பம் தரும். சொல் எதுவாயினும், செயலின் மையம் தலைமேல் கைகளை வைத்தலே. ஏற்கெனவே அப்பணியில் இருக்கும் மூத்தவர்கள், சபையார் கூடியிருக்கும் இடத்தில், தாங்கள் நெடுநாள் அறிந்த ஒருவர்மேல் கைவைத்து வேண்டுகிறார்கள். “ஒருவன்மேலும் சீக்கிரமாய்க் கைகளை வையாதே” என்று தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் நிருபம் எச்சரிப்பதும் இதைப் பற்றித்தான் என்று பலர் பொருள் கொள்வர். தரங்கம்பாடியில் 1733ஆம் ஆண்டு டிசம்பரில் குருப்பட்டம் பெற்ற ஆரோன், இந்தியச் சீர்திருத்தச் சபையின் முதல் உள்நாட்டுக் குருவானவர். ஆண்டுக்கணக்கில் உபதேசியாராகப் பணியாற்றிய பின்பே அவருக்கு அது கிடைத்தது. தெரிந்தவர்கள் தெரிந்தவரை ஏற்பது என்ற இந்தக் கூறுதான் இணையவழிப் பட்டத்தில் இல்லாதது.

அந்தப் பட்டத்தின் வரலாறு இணையத்துக்கு முந்தியது. கலிஃபோர்னியாவின் மொடெஸ்டோ நகரில் கெர்பி ஹென்ஸ்லி என்பவர் 1962இல் ‘யுனிவர்சல் லைஃப் சர்ச்’ என்னும் அமைப்பைப் பதிவு செய்தார். கேட்டவர் எவராயினும், அவருடைய நம்பிக்கை எதுவாயினும், அஞ்சலில் பட்டச் சான்றிதழ் அனுப்பப்பட்டது. வரிவிலக்கு தொடர்பான வழக்கில் 1974இல் கலிஃபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று, ஒரு சமயத்தின் கொள்கை தகுதியானதா அன்றா என்று எடைபோடுவது நீதிமன்றத்தின் வேலையன்று என்று கூறி அந்த அமைப்பின் பக்கம் நின்றது. இந்தக் கருத்தே இணையவழிப் பட்டத்துக்கு இன்றுவரை பெரிய அரண். சமய உரிமையைக் காக்கும் அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தம் அரசின் கையைக் கட்டியிருக்கிறது. மாநிலத் திருமணச் சட்டங்களோ, ஏதேனும் ஒரு சமய அமைப்பின் ஊழியர் மணத்தை நடத்தி வைக்கலாம் என்கின்றன. உண்மையான ஊழியர் யார் என்று அரசு கேட்கத் தொடங்கினால், உண்மையான சமயம் எது என்றும் கேட்க நேரிடும்.

ஆயினும் எல்லா நீதிமன்றங்களும் அங்கேயே நின்றுவிடவில்லை. வர்ஜீனியாவின் உச்ச நீதிமன்றம் அதே 1974இல், கேட்டவர்க்கெல்லாம் பட்டம் தரும் அமைப்பின் ஊழியர்கள் சட்டம் கருதும் ஊழியர் அல்லர் என்றது. வட கரோலினாவில் 1980இல் முடிந்த வழக்கு இன்னும் சுவையானது. பெண்ணின் தந்தை கத்தோலிக்கப் பொதுநிலையினர், அதாவது குருப்பட்டம் பெறாதவர். பத்து டாலருக்கு அஞ்சலில் சான்றிதழ் வாங்கி மகளின் திருமணத்தைத் தாமே நடத்தி வைத்தார். மாப்பிள்ளை பின்னாளில் வேறொரு பெண்ணை மணந்தபோது இருதார மணக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார். முதல் திருமணமே சட்டப்படி நடந்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் தண்டனையை நீக்கிவிட்டது. மாமனாரின் பத்து டாலர் சான்றிதழ் மருமகனைக் காப்பாற்றிய விந்தை அது. இத்தகைய ஊழியர் நடத்திய மற்றத் திருமணங்களெல்லாம் ஐயத்துக்குள்ளானதால், 1981 ஜூலை 3க்கு முன் நடந்தவை செல்லும் என்று சட்டமன்றம் தனியே சட்டம் இயற்ற நேர்ந்தது. நியூயார்க்கில் 1989இல் ஒரு மேல்முறையீட்டு மன்றம் இத்தகைய திருமணத்தைச் செல்லாது என்றது. மிசிசிப்பியின் உச்ச நீதிமன்றமோ 1988இல் செல்லும் என்றிருந்தது. இணையத்தில் பட்டம் பெற்றோரை மட்டும் யூட்டா மாநிலம் 2001இல் விலக்கியபோது, அஞ்சலிலும் தொலைநகலிலும் பெறுவோரை அனுமதித்துவிட்டு இவர்களை மட்டும் தடுப்பதில் நியாயமில்லை என்று கூட்டாட்சி நீதிமன்றம் மறு ஆண்டே அதைத் தள்ளியது. டென்னசி 2019இல் அதே வகையான தடையைக் கொண்டுவந்து மீண்டும் வழக்கில் சிக்கியது. ஆக, பெரும்பாலான மாநிலங்களில் நடைமுறையில் ஏற்கப்படும் இப்பட்டம், சில இடங்களில் மணமுறிவு அல்லது வாரிசுரிமை வழக்கு வரும் நாளில்தான் சோதனைக்கு உள்ளாகிறது.

இந்தியாவில் நிலை வேறு. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டம், மணத்தை நடத்தி வைக்கத் தகுதியுடையோரை 5ஆம் பிரிவில் பெயர் சுட்டியே வரையறுக்கிறது: பேராயரிடம் குருப்பட்டம் பெற்றவர், ஸ்காட்லாந்துச் சபையின் குருவானவர், அரசிடம் உரிமம் பெற்ற சமய ஊழியர், திருமணப் பதிவாளர், இந்தியக் கிறித்தவர்க்கு மணச் சான்று வழங்க உரிமம் பெற்றவர். இவர்களுள் ஒருவராக இல்லாமல் நடத்தி வைத்தால் பத்தாண்டு வரை சிறைத் தண்டனைக்கு 68ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆகவே அயல்நாட்டு இணையத்தளத்தின் சான்றிதழை மட்டும் நம்பி இங்கே யாரும் கிறித்தவத் திருமணத்தை நடத்தி வைக்கத் துணியக் கூடாது. தமிழ்நாட்டு இந்துக்களுக்கோ, இந்து திருமணச் சட்டத்தில் 1967இல் தமிழ்நாடு சேர்த்த 7ஏ பிரிவின்படி உற்றார் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலே போதும். நடத்தி வைப்பவரே தேவையில்லை. அமெரிக்காவிலும் கொலராடோவில் மணமக்கள் தாமே தம் மணத்தை நிறைவேற்றிக்கொள்ளலாம். நியூயார்க் 2023 முதல் ஒருநாள் உரிமம் வழங்குகிறது. நண்பரே நடத்தி வைக்க வேண்டும் என்ற ஆசைக்குச் சமய வேடம் கட்டாயமன்று என்பதை இவை காட்டுகின்றன. நேர்மையான வழியும் இதுவே என்பது என் கருத்து.

தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். திருநிலைப்பாடு என்பதைச் சபை தன் மரபுப்படி கைவைத்துச் செய்யும் சடங்குக்கே ஒதுக்குவது நல்லது. இணையத்தில் பெறுவதை ‘இணையவழிக் குருப்பட்டம்’ எனலாம். பட்டம் என்பது பெயரளவில் வழங்குவதையும் குறிக்கும் சொல்லாதலால் இங்கே பொருந்துகிறது. சட்டம் தருவதை ‘மணம் நடத்தி வைக்கும் அதிகாரம்’ என்றே தனியாக எழுத வேண்டும். அதை ஊழியம் என்றோ குருத்துவம் என்றோ எழுதினால் மேற்கண்ட வழக்குகள் எதுவுமே புரியாது. பட்டம் பெற்றவர் சபை நடத்தாமல் ஒரு திருமணத்தை மட்டும் நடத்தி வைத்தவரானால், செய்தியில் ‘மணம் நடத்தி வைத்த நண்பர்’ என்பதே போதும். அவர் பெயருக்கு முன் அருட்திரு சேர்க்க வேண்டியதில்லை.