லண்டனில் ரயிலும் ட்ராமும் ஏறி வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு: எந்தச் சீசன் டிக்கெட் லாபம்?

ஹட்டனில் மழை கொட்டிய ஓர் இரவு, அக்கா மகள் லண்டனிலிருந்து வட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். "மாமா, சம்பளம் வந்துருச்சு. வருஷச் சீசன் ஒன்னு எடுத்துட்டா நிம்மதிதானே?" என்றாள். கிராய்டன் பக்கம் நியூ அடிங்டனில் ஓர் அறை. வேலை விம்பிள்டனில் ஒரு முதியோர் இல்லத்தில். "அவசரப்படாத பிள்ளை, முதல்ல கணக்கு பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு, மகனின் பழைய கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

எனக்கும் சீசன் புதிதல்ல. ஹட்டனிலிருந்து நாவலப்பிட்டிக்கு வருடக்கணக்கில் கோச்சியில் போய் வந்தவன் நான். ஒரு சித்திரை மாதம், வழக்கம்போல மாதச் சீசன் எடுத்தேன். வருடப்பிறப்பு லீவு, அப்புறம் வட்டவளைப் பக்கம் மண்சரிவு என்று பாதி நாள் ரயிலே ஏறவில்லை. பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்த அந்தச் சீட்டைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது. அன்றிலிருந்து, மாதத்தில் எத்தனை நாள் உண்மையில் ஏறுவேன் என்று எண்ணிப் பார்க்காமல் நான் சீசன் எடுத்ததில்லை. லண்டனுக்கும் அதே எண்ணிக்கைதான்.

முதலில் ட்ராம். 2000ஆம் ஆண்டிலிருந்து ஓடும் இந்தப் பாதை கிராய்டனை நடுவில் வைத்து விம்பிள்டன், பெக்கன்ஹாம், எல்மர்ஸ் எண்ட், நியூ அடிங்டன் என்று பிரிகிறது. கட்டணம் பஸ்ஸுக்கும் ட்ராமுக்கும் ஒன்றே. தூரம் பார்ப்பதில்லை, நேரம் பார்ப்பதில்லை. 2025இல் ஒரு பயணம் 1.75 பவுண். ட்ராமில் ஏறுமுன் தரிப்பிடத்திலுள்ள கருவியில் வங்கி அட்டையையோ, ஒயிஸ்டர் என்ற லண்டன் பயண அட்டையையோ தொட வேண்டும். முதல் தொட்ட நேரத்திலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் வேறு பஸ்ஸிலோ ட்ராமிலோ ஏறினால் மறுபடி காசு இல்லை. இதற்கு ஹொப்பர் என்று பெயர். ஆகவே நியூ அடிங்டனில் ஏறி, கிழக்கு கிராய்டனில் மாறி, விம்பிள்டன் போனாலும் அந்த 1.75தான்.

பஸ்ஸுக்கும் ட்ராமுக்குமான ஏழு நாள் பாஸ் 2025இல் 24.70 பவுண். அதை 1.75ஆல் வகுத்துப் பாருங்கள்: பதினான்கு பயணத்துக்குக் கொஞ்சம் கூட. அதாவது ஒரு நாளும் லீவில்லாமல் ஏழு நாளும் போய் வந்தாலும் பாஸில் மிச்சமில்லை! மாதப் பாஸ் வாரப் பாஸின் 3.84 மடங்கு, கிட்டத்தட்ட 95 பவுண். மாதம் இருபத்திரண்டு நாள் வேலைக்குப் போகிறவருக்கு நாற்பத்துநான்கு பயணம், 77 பவுண். வருடப் பாஸ் நாற்பது வார விலை, 988 பவுண். அது கட்டுப்படியாக வருடத்தில் 282 நாளுக்கு மேல் போய் வர வேண்டும். வாரம் ஐந்து நாள் வரை ட்ராமில் காலையும் மாலையும் மட்டும் ஏறுகிற யாரும் முழு விலை கொடுத்துப் பாஸ் எடுக்கத் தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம். பகலில் வீடு வீடாகப் போய் நோயாளரைப் பார்க்கும் வேலை என்றால் விஷயம் வேறு. மணித்தியாலக் கணக்கைத் தாண்டிப் பல முறை ஏறி இறங்குவதால் அவர்களுக்குப் பாஸ் பயன்படும். கட்டணம் வழக்கமாக மார்ச் மாதமளவில் மாறும். எடுக்குமுன் புது விலையைப் போட்டு இதே வகுத்தலைச் செய்யுங்கள்.

அக்கா மகளுக்கு வாரம் நான்கு நாள், பன்னிரண்டு மணித்தியால ஷிப்ட். எட்டுப் பயணம், 14 பவுண். கொப்பியில் எழுதியதைப் படம் எடுத்து அனுப்பினேன். "அப்ப 988 பவுண்டும் மிச்சமா மாமா?" என்றாள். அத்தனையும் மிச்சமில்லை, அவள் கணக்குக்கு வருடம் 700 பவுண் வரை எப்படியும் போகும். ஆனால் ஒரே தடவையில் கைவிட்டுப் போகாது. வேலை மாறினாலும் நட்டமில்லை.

ரயிலும் சேரும்போதுதான் நம் பிள்ளைகள் அதிகம் ஏமாறுகிறார்கள். லண்டன் வட்டம் வட்டமாக வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நடுநகரம் ஒன்றாம் வலயம், விம்பிள்டன் மூன்று, கிழக்கு கிராய்டன் ஐந்து. ட்ரவல்கார்ட் என்ற சீசனை இந்த வலயங்களுக்கு எடுக்கிறோம். அந்த வலயங்களுக்குள் ரயில், பாதாள ரயில் இரண்டிலும் போகலாம். லண்டன் பஸ் எல்லாவற்றிலும், வலயம் எதுவானாலும், ஏறலாம். ட்ராமுக்கு ஒரு நல்ல விதி உண்டு: ட்ரவல்கார்டில் 3, 4, 5, 6 ஆகியவற்றில் ஏதாவது ஒரு வலயம் இருந்தால் போதும், ட்ராம் பாதை முழுவதும் செல்லும்.

இந்த விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். நியூ அடிங்டனிலிருந்து கிளாப்பம் ஜங்ஷனுக்கு வேலைக்குப் போகிற ஒருவர் கிழக்கு கிராய்டனில் ரயில் ஏறினால் 2 முதல் 5 வரை வலயம் தேவை. அதே ஆள் ட்ராமிலேயே விம்பிள்டன் வரை போய் அங்கே ரயில் ஏறினால் 2, 3 மட்டும் போதும். நேரம் கூடப் போகும், அதை மறைக்கவில்லை. ஆனால் வருடம் முழுக்க இரண்டு வலயக் காசு மிஞ்சும்.

நடுநகரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு வழி. கிழக்கு கிராய்டனிலிருந்து லண்டன் டெர்மினல்ஸ் என்று எழுதிய ரயில் சீசன் தனியாக உண்டு. இதில் ட்ராமும் இல்லை, பஸ்ஸும் இல்லை, பாதாள ரயிலும் இல்லை. விக்டோரியாவிலோ லண்டன் பிரிட்ஜிலோ இறங்கி நடந்தே வேலைக்குப் போகலாம் என்றால் இதை எடுங்கள். ட்ராமுக்கு வாரம் ஐந்து நாளும் கையிலிருந்து கொடுத்தால் 17.50 பவுண். ட்ரவல்கார்டின் வார விலைக்கும் இந்த ரயில் சீசனின் வார விலைக்கும் வித்தியாசம் 17.50ஐ விடக் கூட இருந்தால் ரயில் சீசன் லாபம். குறைவாக இருந்தால் ட்ரவல்கார்ட்.

வருடச் சீசனில் நாற்பது வாரக் காசுக்கு ஐம்பத்திரண்டு வாரம் கிடைக்கிறது. தைப்பொங்கலுக்கு ஊருக்கு வந்து ஐந்து வாரம் தங்கிப் போனாலும் நட்டமில்லை. வேலை நிலையாக இருந்து, வாரம் ஐந்து நாளும் ரயில் ஏறுகிறவர்கள் யோசிக்கலாம். பல வேலைத்தளங்கள் இதற்கு வட்டியில்லாக் கடன் கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும், கேட்டுப் பாருங்கள். ஆனால் தகுதிகாண் காலம் முடியாதவர்கள் தொட வேண்டாம். பாதியில் திருப்பிக் கொடுத்தால் மிச்ச மாதத்தைப் பங்கு போட்டுத் தர மாட்டார்கள். இதுவரை போன காலத்தைக் குறுகிய காலச் சீசன் விலையில் கழித்துவிட்டுத்தான் தருவார்கள். பத்து மாதமும் பன்னிரண்டு நாளும் கடந்தால் ஒரு சதமும் திரும்பாது. மாதச் சீசனும் அப்படித்தான். ஒரு வாரம் லீவு வருகிற மாதமென்றால் வாரச் சீசனாக எடுப்பதே மலிவு.

ஷிப்டில் வேலை செய்கிறவர்கள் சீசனே எடுக்காமல் வங்கி அட்டையைத் தொட்டுப் போவதைப் பார்க்க வேண்டும். திங்கள் முதல் ஞாயிறு வரை ஓர் உச்ச வரம்பு உண்டு, அதற்கு மேல் அறவிட மாட்டார்கள். நெரிசல் நேரம் வார நாட்களில் காலை 6.30 முதல் 9.30, மாலை 4 முதல் 7. இதற்கு வெளியே பல ரயில் பயணங்களுக்குக் கட்டணம் குறைவு. ஆனால் எப்போதும் ஒரே அட்டையைத் தொடுங்கள். ஒரு நாள் அட்டை, மறுநாள் கைத்தொலைபேசி என்று தொட்டால் இரண்டு ஆள் போலக் கணக்கு வைக்கும், வரம்பு எட்டாது. புதன் தொடங்கிச் செவ்வாய் முடிகிற மாதிரி ஷிப்ட் அடுக்கியிருந்தால், எந்த நாளிலும் தொடங்கக்கூடிய ஏழு நாள் சீசன் பொருந்தும்.

படிக்கப் போன பிள்ளைகளுக்கு 18 வயதுக்கு மேற்பட்ட மாணவர் ஒயிஸ்டர் அட்டை இருக்கிறது. ட்ரவல்கார்டிலும் பஸ் ட்ராம் பாஸிலும் 30 சதவீதம் கழிவு. மாதப் பாஸ் 66 பவுண் அளவுக்கு இறங்கும், மாதம் பத்தொன்பது நாள் போய் வந்தாலே கட்டுப்படியாகும். அட்டைக்குத் தனிக் கட்டணம் உண்டு. கல்லூரி இந்தத் திட்டத்தில் பதிவாகியிருக்க வேண்டும், மாணவர் அலுவலகத்தில் முதல் வாரமே கேளுங்கள். தனிப் பயணத்துக்கு இந்தக் கழிவு கிடையாது.

சீசனை ஒயிஸ்டரில் ஏற்றினால் அட்டையை உங்கள் பெயரில் பதிவு செய்யுங்கள். தொலைந்தால் மிச்சமுள்ள சீசனைப் புது அட்டைக்கு மாற்றித் தருவார்கள்.