மூன்று மாதப் பொதியும் முப்பது வரி மாற்றமும்

கொழும்பில் இன்று ஸ்டாண்ட்-அப் நடக்காத மென்பொருள் நிறுவனம் அபூர்வம். தெமட்டகொடையிலும் மருதானையிலும் கொள்ளுப்பிட்டி மாடிக் கட்டடங்களிலும் காலையில் பத்துப் பேர் வட்டமாக நின்று, நேற்றுச் செய்ததையும் இன்று செய்யப்போவதையும் ஒப்புவிக்கிறார்கள். வாடிக்கையாளர் லண்டனில் இருந்தால் அதே கூட்டம் பிற்பகல் இரண்டு மணிக்கு, அங்கே விடிந்த பிறகு. வேலைகளைப் பட்டியலிடும் ஜிரா என்ற மென்பொருளின் பலகையில் அட்டைகள் இடமிருந்து வலம் நகர்கின்றன. ஆனால் இன்று முடித்த வேலை பயனருக்கு எப்போது கிடைக்கும் என்று கேட்டால் "அடுத்த ரிலீஸில்" என்பார்கள். அது வர மூன்று மாதமாகும்.

2001 பெப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி வெளியிட்ட, இந்த வேலைமுறைக்கெல்லாம் பெயர் கொடுத்த அஜைல் பிரகடனத்தில் ஸ்டாண்ட்-அப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. ஓடும் மென்பொருளை அடிக்கடி கொடு, இரண்டு வாரம் முதல் இரண்டு மாதத்துக்குள், எவ்வளவு குறுகியதோ அவ்வளவு நல்லது என்று மட்டும் அதன் 12 கோட்பாடுகளில் ஒன்று சொல்கிறது. நாம் கூட்டத்தை எடுத்துக்கொண்டு இதை விட்டுவிட்டோம்.

விட்டதற்குக் காரணம் உண்டு. மாற்றம் என்றால் ஆபத்து. வருடத்தில் நான்கு தடவை மட்டும் வெளியிட்டால் ஆபத்தும் நான்கோடு நின்றுவிடும் என்றே மனம் கணக்குப் போடும். ஒவ்வொரு தடவையும் எவ்வளவு போகிறது என்று பார்க்கும்போதுதான் அந்தக் கணக்கு பிழையாகிறது.

ஒரு ரிலீஸில் 300 மாற்றங்கள் என்று வைப்போம். தனித்தனியே ஒழுங்காக ஓடும் இரண்டு மாற்றங்கள் சேர்ந்ததும் முட்டிக்கொள்வது இந்தத் தொழிலில் அன்றாடம். 300 மாற்றங்களுக்குள் அப்படி முட்டக்கூடிய சோடிகள் 44,850. ஐந்து மாற்றங்கள் மட்டும் போனால் பத்துச் சோடிகள். ஏற்கெனவே பாவனையில் இருப்பவற்றோடும் புதியது முட்டலாம்தான். ஆனால் அப்போது சந்தேகநபர்கள் ஐந்தே பேர்.

300 பேரில் ஆளைப் பிடிக்கவும் வழி இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் (Git) என்ற கருவியில் உள்ள பைசெக்ட் கட்டளை மாற்றங்களின் நடுவில் போய் நிற்கும். வழு அங்கே தெரிந்தால் முற்பாதி, தெரியாவிட்டால் பிற்பாதி, பிறகு மறுபடி நடு. ஒன்பது தடவைக்குள் பிடித்துவிடும். ஒவ்வொரு தடவையும் பில்ட் செய்து (ஓடும் வடிவில் கட்டி) சோதிக்க இருபது நிமிடம் என்றால் மொத்தம் மூன்று மணித்தியாலம். பிடிபட்ட மாற்றத்தை எழுதியவர் அதற்குள் வேறு அணிக்கு மாறியிருப்பார், அல்லது மெல்பேர்னுக்குப் போயிருப்பார். கொழும்பில் இரண்டாவதற்கே சந்தர்ப்பம் அதிகம்.

இன்னொரு கணக்கு வரிசைகளைப் பற்றியது, ஜோன் லிட்டில் என்ற ஆய்வாளர் 1961இல் நிறுவியது. வெள்ளவத்தை வடைக் கடையொன்றில் மாலையில் சராசரியாக 20 பேர் நிற்கிறார்கள், நிமிடத்துக்கு இரண்டு பேர் வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்றால், ஒருவர் சராசரியாகப் பத்து நிமிடம் நிற்பார். அணிக்கும் இதே வகுத்தல்தான். வாரத்துக்குப் பத்து வேலை முடிக்கும் அணி 40 வேலைகளைத் தொடங்கி வைத்திருந்தால் ஒன்று முடிய சராசரி நான்கு வாரம். தொடங்கியவற்றை 15க்குள் மட்டுப்படுத்தினால் ஒன்றரை வாரம். யாரும் முன்பைவிட வேகமாக வேலை செய்யவில்லை. பலகையின் நடுப்பத்தியில் இத்தனை அட்டைகளுக்கு மேல் கூடாது என்று வரம்பு வைப்பது இதற்காகத்தான். மனேஜர்மாருக்கு அது பிடிப்பதில்லை, சிலர் சும்மா இருப்பதுபோல் கண்ணுக்குத் தெரியும்.

சரி, சிறிதாகவே அனுப்புவோம் என்றால் செலவு இடிக்கும். ரிலீஸ் இரவு என்றால் கொத்து ரொட்டிக்கு ஓடர் கொடுத்து, வீட்டுக்குப் போக வேன் பிடித்து, விடியும்வரை கையால் கோப்புகளை ஏற்றுவது என்றிருந்தால், அதை வாரம் இருமுறை செய்ய யார் வருவார்கள்? போயா விடுமுறைக்கு முதல் நாள் கேட்கவே வேண்டாம். ஒரு ரிலீஸின் செலவு கூடக்கூடப் பொதியும் பெருக்கும். அந்தச் செலவை நிமிடக் கணக்குக்கு இறக்குவதே டெவொப்ஸ். படங்களைப் பகிரும் ஃபிளிக்கர் தளத்தின் இரு பொறியியலாளர்கள் 2009 ஜூனில், தாங்கள் நாளொன்றுக்குப் பத்துத் தடவைக்கு மேல் வெளியிடுவதாக ஒரு மாநாட்டில் சொன்னார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் பெல்ஜியத்தின் கென்ற் நகரில் பற்றிக் டெபுவா முதலாவது டெவொப்ஸ் மாநாட்டைக் கூட்டினார்.

ஒரு மாற்றத்தின் பின்னாலேயே போய்ப் பார்ப்போம். நமது பழைய தேசிய அடையாள அட்டை இலக்கம் ஒன்பது இலக்கமும் முடிவில் வி அல்லது எக்ஸ் எழுத்துமாக இருந்தது. 2016இல் 12 இலக்கமானது. பழைய அட்டையும் செல்லும். ஒரு காப்புறுதி நிறுவனத்தின் தரவுத்தளத்தில் அதை வைக்கும் கட்டத்துக்கு, அதாவது புலத்துக்கு, பத்து எழுத்து அகலம் மட்டுமே என்று வைத்துக்கொள்ளுங்கள். சேர்வர்கள் எட்டு. எட்டையும் ஒரே நொடியில் மாற்ற முடியாது. ஒவ்வொன்றாக மாற்றும் அந்தப் பத்து நிமிடமும் பழைய கோடும் (நிரலும்) புதிய கோடும் ஒரே தரவுத்தளத்தோடு பேசும். இரண்டுக்கும் அது பொருந்த வேண்டும்.

ஆகவே வேலையை நாலாக உடைக்கிறோம். முதல் வெளியீட்டில் 12 எழுத்துப் புலம் ஒன்று பக்கத்தில் சேரும், யாரும் அதைத் தொடுவதில்லை. இரண்டாவதில் கோடு இரண்டு புலத்திலும் எழுதத் தொடங்கும். பழைய பதிவுகளை ஒரு ஸ்கிரிப்ட் நிரப்பும் (முன்னால் 19, தொடர் எண்ணுக்கு முன் ஒரு சுழியம், கடைசி எழுத்து நீங்கும்). மூன்றாவதில் வாசிப்பு புதிய புலத்துக்கு மாறும். 12 இலக்கத்தை ஏற்கும் படிவம் இதற்குப் பிறகுதான், அதுவும் ஒரு ஃபிளாக்குக்குப் (வசதியைத் திறக்கவும் அணைக்கவுமான சுவிட்சுக்குப்) பின்னால், திறக்கும். அதைத் திறக்கும்வரை எந்தப் படியிலிருந்தும் பின்னால் வரலாம். திறந்த பிறகு வரும் 12 இலக்கம் புதிய புலத்தில் மட்டும்தான் போகும், பழையதில் அடங்காது. நாலாவதில் கோடு பழைய புலத்தில் எழுதுவதை முற்றாக நிறுத்தும், அதன் பிறகு அந்தப் புலம் அழியும்.

ஒவ்வொரு படியும் முப்பது, நாற்பது வரிதான். மேர்ஜ் செய்ததும் (பொதுக் கோட்டோடு சேர்த்ததும்) பைப்லைன் என்ற தானியங்கி வரிசை ஓடத் தொடங்கும்: பில்ட், தானியங்கிச் சோதனைகள், டொக்கர் படிமம் (சேர்வரில் அப்படியே ஓடும் பொதி), பிறகு முதலில் ஒரேயொரு சேர்வர். அங்கே பிழை வீதம் கூடினால் யாரையும் கேட்காமல் பழைய படிமம் திரும்பி வரும். அணி அரட்டை அடிக்கும் ஸ்லாக் செயலியில் ஒரு வரி விழும்: "மச்சான், உன்ர மேர்ஜ் திரும்பி வந்திட்டுது, சாப்பிட்டிட்டு வந்து பார்." வழு வந்த செய்தியை இந்தத் தொனியில் சொல்ல முடிவதுதான் இதன் முழுப் பயன் என்பேன்.

கையால் ஏற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு நைட் கெப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனம் சாட்சி. 2012இல் அங்கும் சேர்வர்கள் எட்டுத்தான். ஏழில் புதிய கோட்டை ஏற்றிய ஊழியர் எட்டாவதைத் தவறவிட்டார். சரிபார்க்க இன்னொருவர் இருக்கவில்லை. புதிய கோடு பாவித்த ஃபிளாக், 2003இலேயே கைவிட்ட ஒரு வசதியினுடையது. ஓகஸ்ட் 1 காலை சந்தை திறந்ததும் ஏழு சேர்வர்களில் அது புதிய வசதியை இயக்கியது, எட்டாவதில் பழைய பூதத்தை எழுப்பியது. பதற்றத்தில் ஏழிலிருந்தும் புதிய கோட்டை நீக்கினார்கள், பூதம் எட்டிலும் எழும்பியது. 45 நிமிடத்தில் நட்டம் 460 மில்லியன் டொலருக்கு மேல். லண்டன் பங்குச் சந்தையே 2011இல் நமது மிலேனியம் ஐ.டி. எழுதிய மென்பொருளுக்கு மாறிய நிலையில், இந்தக் கதையைக் கொழும்பிலிருந்து தூரத்துச் செய்தியாக வாசிக்க எனக்கு முடிவதில்லை.

இங்குள்ள அணிகள் சொல்லும் சாக்குகளில் ஒன்று நியாயமானது: வெளியிடும் முடிவு நம் கையில் இல்லை, வாடிக்கையாளரின் குழு கூடி அனுமதிக்க வேண்டும். அதற்கும் ஃபிளாக் உதவும். கோடு அணைந்த நிலையில் இன்றே சேர்வருக்குப் போகட்டும். பயனருக்குத் திறப்பதை லண்டன்காரர் தமக்கு வசதியான நாளில் செய்யட்டும். ஆனால் வேலை முடிந்த ஃபிளாக்கும் அதன் பின்னாலிருக்கும் செத்த கோடும் தங்கிவிட்டால் நைட் கெப்பிட்டலின் எட்டாவது சேர்வர்தான். ஃபிளாக்கைச் சேர்க்கும் நாளிலேயே அதை நீக்கும் அட்டையையும் திகதி போட்டுப் பலகையில் வைக்கும் அணிகள் உண்டு. திகதி கடந்த ஃபிளாக் கண்ணில் பட்டால் பில்டையே நிறுத்திவிடும்படி பைப்லைனை எழுதி வைத்திருப்பவர்களும் உண்டு.